யாழ்ப்பாணத்தில் ஊர் வரலாற்று ஆய்வேடுகள் தேடிப்போன அனுபவம்

இந்த முறை லண்டனிலிருந்து ஊருக்குப் போனபோது கோயில், கல்யாணவீடு எல்லாவற்றுக்கும் நடுவில் நூலகத்துக்கென்றும் நேரம் ஒதுக்கினேன். எங்கள் ஊர் மயிலிட்டி. 1990 இல் போரால் சனம் முழுக்க வெளிக்கிட்டு, இராணுவத்திடம் இருந்த துறைமுகம் 2017 இல்தான் திரும்பக் கிடைத்தது. வீடு வாசல் மட்டுமல்ல, எந்த ஒழுங்கை எங்கே போய் ஏறியது, கடற்கரையில் எந்தப் பாடு (வலை போடுகிற இடம்) யாருடையது என்பதெல்லாம் சேர்ந்தே அழிந்துவிட்டது. அதனால் மயிலிட்டி இருக்கிற வலிகாமம் வடக்கு ஊர்களைப் பற்றி யாராவது பட்டத்துக்கு எழுதியது இருந்தால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

யாழ்ப்பாண வரலாறு பற்றிய பெரிய ஆய்வுகளுக்குப் பயணமே தேவையில்லை. பேராசிரியர் இந்திரபாலா 1965 இலும் பேராசிரியர் பத்மநாதன் 1969 இலும் லண்டன் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கலாநிதிப் பட்ட ஆய்வேடுகளை அந்தப் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் (SOAS) கல்லூரி இணையத்தில் போட்டிருக்கிறது, வீட்டில் இருந்தபடியே வாசிக்கலாம். இந்தியாவிலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2009 விதிக்குப் பிறகு ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையத்தளத்தில் ஏராளமாகச் சேர்ந்திருக்கின்றன. நான் தேடியது வேறு. பல்கலைக்கழகக் கலைப்பீடப் பிள்ளைகள் இறுதி ஆண்டில் தங்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுதிக் கொடுக்கிற கட்டுரைகள்.

ஒரு நூலகத்தில் பாஸ்போட்டைக் காட்டினால் போதும் என்று போனில் சொன்னார்கள், நேரில் போனால் கடிதம் வேண்டும் என்றார்கள். "கடிதம் இல்லாமல் ஏலாது அண்ணை, நாங்கள் என்ன செய்யிறது" என்ற அந்தப் பிள்ளையில் பிழையில்லை, அவவே பிறகு யாரிடம் கேட்கலாம் என்று எழுதித் தந்தா. கடிதம் கிடைத்து உள்ளே போனால் பட்டியல் ஆண்டு வாரியாக இருக்கிறது, ஊர்ப் பெயரை வைத்துத் தேட வழியில்லை. போட்டோக்கொப்பியும் இல்லை, போனில் படமும் எடுக்க முடியாது. எழுதியவரின் உரிமை என்கிறார்கள், அது நியாயம்தான், ஆனால் இதையெல்லாம் முதலே இணையத்தில் போட்டால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர் நாளை வீணாக்காமல் வரலாம்.

கையில் கிடைத்தவற்றை வாசித்தபோது இந்த அலைச்சல் பெரிதாகத் தெரியவில்லை. தட்டச்சில் அடித்த பக்கங்கள், மை மங்கிப்போய் இருக்கிறது. கையால் கீறிய வரைபடத்தில் குளம், மடம், சந்தை, வாசிகசாலை எல்லாம் இருக்கின்றன. கடைசியில் பேட்டி கண்டவர்களின் பட்டியல், பெயரும் வயதும் தொழிலுமாக. அன்றைக்கே எழுபது தாண்டிய மனிதர்கள் அவர்கள், இப்போது போய்க் கேட்க யாரும் இல்லை. ஆய்வு முறை என்று பார்த்தால் குறை சொல்லலாம், சிலது அவசரத்தில் எழுதியதும்கூட, ஆனால் அந்தப் பட்டியலுக்காகவே ஒவ்வொன்றையும் காப்பாற்ற வேண்டும்.

1981 இல் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த நகரம் இது. இங்கே எந்த ஆய்வேடும் ஒரே ஒரு பிரதியாக ஒரே அலுமாரியில் இருக்கக் கூடாது. நூலகம் நிறுவனம் 2005 இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் செய்து இலவசமாக இணையத்தில் வைத்து வருகிறது, வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உரிமைதான் தடை என்றால் எழுதியவர்களில் எத்தனையோ பேர் இன்று கனடாவிலும் லண்டனிலும் நம்மோடுதான் இருக்கிறார்கள். நீங்களும் அப்படி ஒன்று எழுதியிருந்தால், ஸ்கேன் செய்து வெளியிடலாம் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி உங்கள் துறைக்கு அனுப்புங்கள், வீட்டில் பிரதி இருந்தால் அதையும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுங்கள்.