பழைய 3டிஎக்ஸ்: எந்த ஹைட்ராலிக் ஃபில்டர், எந்த ஆயில் வாங்கலாம்?

பழைய ஜேசிபி 3டிஎக்ஸ் (முன்னால் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள பேக்ஹோ லோடர்) வைத்திருப்பவர்கள் ஹைட்ராலிக் ஆயில் மாற்றப் போகும்போது முதலில் விசாரிப்பது ஆயில் விலையை. ஃபில்டரைக் கடைசியில், "அதையும் ஒண்ணு குடுத்துடுங்க" என்று வாங்கிக்கொள்கிறார்கள். பம்ப் சீக்கிரம் போவதற்கு இந்தப் பழக்கம் பெரிய காரணம். அதனால் ஃபில்டரிலிருந்தே தொடங்கலாம்.

ஸ்பேர் கடைகளில் இந்த வண்டிக்கான ரிட்டர்ன் ஃபில்டர் மூன்று தரத்தில் கிடைக்கிறது. ஜேசிபி ஒரிஜினல் ஒன்று. டொனால்ட்சன், ஃப்ளீட்கார்ட் போன்ற ஃபில்டர் கம்பெனிகள் அதற்கு மாற்றாகச் செய்வது இரண்டாவது. கம்பெனி பெயரோ பேட்ச் எண்ணோ இல்லாமல் அட்டைப்பெட்டியில் வருவது மூன்றாவது. முதல் இரண்டில் எதை வாங்கினாலும் சரி. மூன்றாவதை சும்மா கொடுத்தாலும் வண்டிக்குள் விடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்ல வேண்டும்? சிலிண்டர்களில் வேலை முடித்துத் திரும்பும் ஆயில் டேங்கில் விழுவதற்கு முன் இந்த ஃபில்டரைக் கடக்கிறது. அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, ஆயில் வடிகட்டாமலே டேங்குக்குப் போய்விடும். ஆபரேட்டருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, வண்டி வழக்கம்போல வேலை செய்யும். மலிவு ஃபில்டரில் இதைவிட மோசமானதும் நடக்கும். காகிதத்தையும் மூடித் தகட்டையும் ஒட்டியிருக்கும் பசை சூடான ஆயிலில் விட்டுப்போகும், மடிப்பு கிழியும். அந்தத் துணுக்குகள் டேங்குக்குள் போய் சக்ஷன் ஸ்ட்ரெய்னரில், அதாவது பம்ப் ஆயிலை உறிஞ்சும் வழியிலுள்ள வலையில் படியும். பம்புக்கு ஆயில் வரத்து குறையும், ஊளையிடுவதுபோல் சத்தம் வரும், கடைசியில் கியர் பம்பின் உட்சுவர் கீறிப்போகும்.

கடையிலேயே சோதித்துப் பார்த்து வாங்கலாம். பல 3டிஎக்ஸ்களுக்குப் பொருந்தும் எலிமென்டின் (கழற்றி மாற்றும் வடிகட்டிப் பகுதி) எண் 32/925346. வருடத்துக்கு வருடம் மாற்றம் உண்டு என்பதால் கழற்றிய பழையதையும் கையோடு கொண்டுபோய் நீளம், விட்டம், ஓட்டை மூன்றையும் ஒப்பிடுங்கள். செல்போன் டார்ச்சை நடு ஓட்டைக்குள் விட்டுப் பாருங்கள். நல்ல எலிமென்டில் மடிப்புகள் ஒரே இடைவெளியில் நிற்கும், வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். மலிவானதில் ஒரு பக்கம் மடிப்புகள் நெருங்கி ஒட்டிக்கொண்டும் இன்னொரு பக்கம் அகன்றும் இருக்கும். மூடித் தகட்டின் விளிம்பில் விரலை ஓட்டினால் பசை விட்ட இடம் தட்டுப்படும். ரப்பர் சீலை நகத்தால் அழுத்தினால் அமுங்கி உடனே எழ வேண்டும். பெட்டியில் வெறுமனே "10 மைக்ரான்" என்று இருப்பதை நம்பாதீர்கள். அந்த அளவுத் துகளில் எத்தனை பங்கைப் பிடிக்கிறது என்பதைத்தான் பீட்டா எண் சொல்கிறது: பீட்டா 2 என்றால் பாதியைத்தான் பிடிக்கும், பீட்டா 75 என்றால் கிட்டத்தட்ட 98.7 சதவீதம்.

இனி ஆயில். நம் சமவெளி வெயிலில் பழைய வண்டிக்கு ஐஎஸ்ஓ விஜி 68 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்), ஹெச்எல்பி (தேய்மானத்தைத் தடுக்கும் மருந்து சேர்த்த ஹைட்ராலிக் ஆயில்) தரம் பொருத்தம். இந்தியன் ஆயிலின் சர்வோ சிஸ்டம் ஹெச்எல்பி 68, ஹெச்பியின் என்க்லோ, பாரத் பெட்ரோலியத்தின் மாக் ஹைட்ரால், காஸ்ட்ரால் ஹைஸ்பின் ஆகியவற்றின் 68 எல்லாம் ஏறக்குறைய ஒரே வகுப்பு. இவற்றுக்குள் எது உசத்தி என்று வாதாடுவதில் பயனில்லை. உங்கள் ஊரில் எது தடையில்லாமல் கிடைக்கிறதோ அதை எடுத்து, அதிலேயே நில்லுங்கள். டாப் அப் செய்ய இன்று ஒன்று நாளை ஒன்று என்று கலப்பது தவறு. அவசரத்துக்கு 15டபிள்யூ-40 எஞ்சின் ஆயில் ஊற்றுவது அதைவிடப் பெரிய தவறு. அதிலுள்ள டிடர்ஜென்ட் தண்ணீரைப் பிரிய விடாமல் ஆயிலோடு கலந்தே வைத்திருக்கும்.

ஏன் 68? 40 டிகிரியில் 68 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு) இருக்கும் ஆயில் 100 டிகிரியில் சுமார் எட்டரைக்கு இறங்கும். 46 என்றால் ஏழுக்கும் கீழே. தேய்ந்த பம்பிலும் வால்விலும் மெல்லிய ஆயில் உள்ளுக்குள்ளேயே கசிந்து திரும்பிவிடும், மதியத்துக்கு மேல் வண்டி சோம்பும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் ஓடும் வண்டி என்றால் கதை வேறு. காலைக் குளிரில் 68 கெட்டிப்பட்டு பம்ப் சத்தம் போடும். அங்கே 46 எடுங்கள், அல்லது சூடு, குளிர் மாறினாலும் கெட்டித்தன்மை அதிகம் மாறாத ஹெச்விஎல்பி தரத்தில் பாருங்கள். மேனுவல் வேறு சொன்னால் மேனுவல் சொல்வதே முடிவு.

லூஸில் அளந்து விற்கும் ஆயில் எந்த விலைக்கும் வேண்டாம். பேரல் வாங்கினால் மூடி சீலையும் பேட்ச் எண்ணையும் பாருங்கள். வெளியில் நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் மழைத்தண்ணீர் தேங்கும். இரவில் பேரல் குளிரும்போது மூடி வழியாக அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வையுங்கள்.

மாற்றும் வேலைக்கு வருவோம். ரிட்டர்ன் ஃபில்டர் 1000 மணிக்கு, ஆயில் 2000 மணிக்கு என்பது வழக்கமான கணக்கு. கிரஷர், செங்கல் சூளை, எம்-சாண்ட் தூசியில் ஓடும் வண்டிக்குப் பாதியாக்குங்கள். பழைய வண்டியில் ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டர் ஓடாது என்பது சாக்கு. வாடகையே மணிக்கணக்கில்தான் வாங்குகிறோம், பில் புத்தகத்தைக் கூட்டினால் மணி வந்துவிடும்.

சமதளத்தில் நிறுத்தி, முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, பின்பக்கத் தோண்டும் கையை ரோட்டில் ஓட்டும் நிலையில் மடித்துப் பூட்டுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிப்பது நல்லது, அப்போதுதான் கசடும் கூடவே வரும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் கை வெந்துவிடும். எஞ்சினை நிறுத்தி எல்லா லீவரையும் முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தை விடுங்கள், பிறகு டேங்க் மூடியை மெதுவாகத் திறங்கள். கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது, அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். சின்னப் புள்ளிதானே என்று விடாமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

டேங்கைச் சுற்றிக் கழுவிக் காயவைத்த பிறகே ஃபில்டர் மூடியைத் தொடுங்கள். எலிமென்டை மெதுவாக நேராகத் தூக்குங்கள், சரித்தால் அதில் தங்கிய அழுக்கு டேங்கில் கொட்டும். பழைய சீல் மூடியிலோ அடியிலோ ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைப் பார்க்காமல் புதியதை வைத்தால் இரண்டு சீல் மேல் மேலாக உட்கார்ந்து எலிமென்ட் சரியாக அமராது, ஆயில் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டே போகும். புது சீலில் அதே ஹைட்ராலிக் ஆயிலைத் தடவுங்கள். டேங்க் காலியாக இருக்கும்போதே ஸ்ட்ரெய்னரையும் கழற்றி டீசலில் அலசி, உள்ளிருந்து வெளியே காற்றடியுங்கள். வலை கிழிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். டேங்குக்குள் பனியன் வேஸ்ட் விடவே கூடாது, அதன் நூல் பிசிறு நேராக ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும். டேங்க் காற்று வாங்கும் பிரீதரையும் இந்த வேளையிலேயே மாற்றுங்கள். சிலிண்டர் ராடு வெளியே போகும் ஒவ்வொரு முறையும் டேங்க் வெளிக்காற்றை இழுக்கிறது, தூசி வரும் முக்கியமான வழி அது.

இந்த வகுப்பு வண்டிகளில் சிஸ்டம் முழுவதற்கும் 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். டேங்கை வடித்தால் சிலிண்டர், ஹோஸ்களில் உள்ளது அப்படியே நிற்கும். பாதி நின்றுவிட்டது என்று வைத்தால், நிரப்பிய பிறகும் ஓடுவது பாதி பழைய ஆயில்தான். ஆயில் கெட்டுப்போன வண்டிக்கு 50 மணி ஓட்டி மறுபடி வடித்தால் அது கால் பங்காகும். வடித்ததை அளந்து எழுதி வையுங்கள், கழிவு ஆயிலைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

நிரப்பியதும் எஞ்சினை ஐடிலில் இரண்டு மூன்று நிமிடம் விட்டு, லீவரைத் தொடாமல் இருங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டராக, கடைசி வரை முட்டவிடாமல் மெதுவாக ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். மட்டம் இறங்கியிருக்கும், அதே நிலையில் நிறுத்தி சைட் கிளாஸில் (டேங்கின் மட்டம் காட்டும் கண்ணாடி) பார்த்து ஊற்றுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலும் அதன் ஃபில்டரும் தனி, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழைய எலிமென்டை உடனே தூக்கிப் போடாதீர்கள். கத்தியால் கிழித்து, மடிப்பை வெள்ளைக் காகிதத்தின் மேல் விரியுங்கள். காந்தத்தில் ஒட்டும் தூள் இரும்பு. ஒட்டாமல் மஞ்சளாக மின்னினால் பம்பின் புஷ், வெள்ளையாக இருந்தால் பம்ப் உடல் என்று சந்தேகிக்கலாம். கறுப்பு ரப்பர் செதில் என்றால் சீல் அல்லது ஹோஸின் உட்தோல். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் ஒரு பாட்டிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். அடியிலிருந்து தெளிந்தால் காற்று, சக்ஷன் ஹோஸ் கிளாம்ப்பைப் பாருங்கள். தெளியாவிட்டால் தண்ணீர். உறுதி செய்ய, நன்றாகச் சூடேறிய இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு விடுங்கள், தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்து வண்டியில் முன்னேற்றம் இல்லையென்றால் ஆயிலைக் குறை சொல்ல வேண்டாம். ஒரே ஒரு அசைவு மட்டும் மெதுவாக இருந்தால் அந்த சிலிண்டர் சீல் அல்லது அதன் வால்வு. சூடானதும் எல்லாமே தளர்ந்தால் பம்ப் அல்லது மெயின் ரிலீஃப் (அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் வால்வு), அழுத்தம் அளக்கும் கேஜ் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பம்ப் உடைந்து புதிது மாட்டிய வண்டிக்கு மட்டும் இரண்டு ஃபில்டராக வாங்குங்கள். முதலாவதை 50 மணியில் கழற்றிக் கிழித்துப் பாருங்கள், பழைய பம்பின் தூள் அதில் இருக்கும்.