மார்த்தாண்டம் பக்கம் கிடைக்கும் 24 மணி நேர ஹோல்டர்: டெட்ராலஜி ஆபரேஷன் ஆனவர்களுக்குப் போதுமா?

களியக்காவிளை முதல் நாகர்கோவில் வரை லேபுகளில் கட்டிவிடும் ஹோல்டர் (இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதியும் சின்னக் கருவி), சாதாரணப் படபடப்புக்குப் போதும். சின்ன வயதில் ஃபாலோ டெட்ராலஜி என்ற பிறவி இதயக் கோளாறுக்கு ஆபரேஷன் முடிந்து, செக்கப்புக்குத் திருவனந்தபுரம் போய்வருபவர்களுக்கு அதே சேவை பாதிதான் உதவும். கருவியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ரிப்போர்ட் தயாராகும் விதத்தில்தான் கோளாறு.

முதலில் கட்டும் முறை. நம்ம ஊரில் எலெக்ட்ரோடு கழல்வதற்கு முக்கியக் காரணம் தேங்காய் எண்ணெய். கட்டும் நாளில் எண்ணெய் தேய்க்காமல், சோப்புப் போட்டுக் குளித்து, பவுடர் பூசாமல் போங்கள். நெஞ்சு முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு வயரையும் ஒரு வளையம் விட்டு டேப் போடச் சொல்லுங்கள். இழுபட்டாலும் எலெக்ட்ரோடு அசையாது. விடியற்காலையில் ரப்பர் வெட்டப் போகிறவர்கள் கூடுதல் எலெக்ட்ரோடு கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மாற்றிய நேரத்தைக் குறித்துவையுங்கள். அன்று லீவு போட்டு வீட்டில் படுத்திருப்பது வீண். வேலையில் வரும் துடிப்புக் கோளாறு வேலை செய்தால்தானே பதிவாகும்?

பல் தேய்த்த நேரத்தையும் டயரியில் எழுதுங்கள். கை ஆட்டத்தில் வரும் அதிர்வு, ஸ்ட்ரிப்பில் வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா (இதயத்தின் கீழறையில் கிளம்பும் ஆபத்தான வேகத் துடிப்பு) போலவே தெரியும்.

இனி ரிப்போர்ட். ஒரு நாளில் ஏறக்குறைய 1 லட்சம் துடிப்புகள் பதிவாகும். மென்பொருள் அவற்றை வடிவம் பார்த்துப் பிரிக்கிறது. அகலமாக இருந்தால் கீழறையில் கிளம்பிய துடிப்பு என்று கணக்கில் போட்டுவிடும். டெட்ராலஜி ஆபரேஷன் ஆனவர்களில் பெரும்பாலோருக்கு வலது பண்டில் பிளாக் (ஆர்பிபிபி; வலது கீழறைக்கு மின்துடிப்பு தாமதமாகப் போவது) உண்டு, அதனால் இயல்பான துடிப்பே அகலம்தான். டெக்னீஷியன் உட்கார்ந்து திருத்தாவிட்டால், மாடி ஏறியதில் கூடிய வேகம்கூட ஆபத்தான டாக்கிகார்டியா என்று அச்சாகிவிடும். படிவத்தில் 'ஆபரேஷன் ஆனவர், ஆர்பிபிபி உண்டு' என்று எழுதிக் கொடுத்து, பழைய ஈசிஜி நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். மேலறைத் தழும்பைச் சுற்றி மின்னோட்டம் வட்டமடிக்கும் ஃபிளட்டர், மேலறையின் 2 துடிப்புக்கு 1 என்று கீழறைக்கு இறங்கும்போது நிமிடத்துக்கு 100, 110 என்று சாதுவாகத் தெரியும். மென்பொருள் அதைச் சைனஸ் டாக்கிகார்டியா (இயல்பான துடிப்பே வேகமாவது) என்று எழுதிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி, 24 மணி நேர வேகப் படம். தூக்கத்தில் வேகம் இறங்க வேண்டும். மணிக்கணக்கில் கோடு போட்டது போல ஒரே அளவில் நின்றால் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். ஒரு பக்கச் சுருக்கத்தை மட்டும் கையில் கொடுக்கும் லேபை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். முழுப் பதிவும் பென் டிரைவில் வேண்டும்.

ஹோல்டர் எடுத்தாலும் சாதாரண 12 லீடு ஈசிஜியை விடக் கூடாது. இதய மருத்துவர் மைக்கேல் கட்சூலிஸ் குழு, டெட்ராலஜி ஆபரேஷன் ஆன 793 பேரை 6 மையங்களில் தொடர்ந்து பார்த்து 2000-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, க்யூஆர்எஸ் (ஈசிஜியில் கீழறைத் துடிப்பைக் காட்டும் அலை) அகலம் 180 மில்லி செகண்டோ அதற்கு மேலோ போவதையும் ஆபத்தான கீழறைத் துடிப்பையும் சேர்த்துக் காட்டியது. நுரையீரல் வால்வு கசிவதால் வலது கீழறை விரிவதே இதற்கு அடிப்படை. வழக்கமான வேகத்தில் ஓடும் தாளில் சின்னக் கட்டம் ஒன்று 40 மில்லி செகண்ட். 180 என்றால் நாலரைக் கட்டம். ஒருமுறை எடுத்த அளவைவிட, வருடத்துக்கு வருடம் அது கூடுகிறதா என்பதுதான் டாக்டருக்கு வேண்டும். ஈசிஜி தாள் வெளிறிப்போகும், அதனால் வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். லாமினேஷன் வேண்டவே வேண்டாம், சூட்டில் தாள் முழுக்கக் கறுத்துவிடும்.

படபடப்பு மாதத்தில் ஒருமுறைதான் வருகிறது என்றால் 24 மணி நேரப் பதிவில் அது சிக்குவது அபூர்வம். 7 நாளோ 14 நாளோ ஒட்டியிருக்கும் பேட்ச் கிடைக்குமா என்று விசாரியுங்கள். மயக்கம் போட்டு விழுந்தவருக்கு இது எதுவும் பொருந்தாது. ஹோல்டருக்கு முறை வரும்வரை காத்திருக்காமல், அன்றே இதயப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் பழைய ஆபரேஷன் குறிப்போடு கொண்டுபோங்கள்.