கம்யூனிட்டி மரைன் டேங்கில் டிரிகர்: வேளச்சேரியிலிருந்து சில வருஷ அனுபவம்

பல இனக் கடல் மீன்களைச் சேர்த்து வளர்க்கும் தொட்டிக்கு டிரிகர் மீன் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்த டிரிகர் என்றுதான். ஏறத்தாழ 40 இனங்கள் உள்ள குடும்பம் அது. தொட்டியில் இன்னொரு மீன் இருப்பதையே பொறுத்துக்கொள்ளாத அண்டுலேட்டட் டிரிகரும் அதில்தான் வருகிறது, நடுத்தண்ணீரில் நீந்திக்கொண்டே மிதந்து வரும் மிதவையுயிர்களைப் பிடித்துத் தின்னும் ப்ளூ த்ரோட் டிரிகரும் அதில்தான் வருகிறது. கடைகளில் இரண்டுக்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது. ஒன்று, 'அக்ரெசிவ் சார், தனியா வைங்க.' இல்லை என்றால், 'குட்டிதான் சார், ஒண்ணும் பண்ணாது.' குட்டியாக இருக்கும்போது ஒன்றும் பண்ணாது என்பது உண்மைதான். அது எத்தனை நாளைக்குக் குட்டியாக இருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை.

என் தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். 680 லிட்டர் சொச்சம் பிடிக்கும். பவளம் கிடையாது, மீன் மட்டும். டிரிகர் வருவதற்கு முன்பே ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ், ஒரு செய்ல்ஃபின் டாங், ஒரு மெரூன் க்ளவுன், ஒரு லூனார் ராஸ் இருந்தன. நாலுமே நோஞ்சான் மீன்கள் இல்லை. அப்புறம் வந்தவை ஒரு நைஜர் டிரிகர், ப்ளூ த்ரோட் ஆண் பெண் ஜோடி, கொஞ்ச காலம் ஒரு பிக்காசோ.

நைஜரை விரல் நீளத்தில் வாங்கினேன். முதல் நாள் பாறை இடுக்கில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. செத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். டிரிகர்கள் பயந்தால் இப்படித்தான் செய்யும்: இடுக்கில் புகுந்து, முதுகில் உள்ள முதல் முள்ளை நிமிர்த்தும். இரண்டாவது முள் அதற்குத் தாழ்ப்பாள் போட்டுவிடும். அப்புறம் நீங்கள் இழுத்தாலும் வராது, இழுக்கவும் கூடாது. விளக்கை அணைத்துவிட்டு விட்டால் தானாக வெளியே வரும். இந்த முள்ளினால்தான் டிரிகரை வலையில் பிடிக்கக் கூடாது என்கிறேன். வலைக் கண்ணியில் முள் பூட்டிக்கொண்டால் வலையை வெட்டித்தான் மீனை எடுக்க வேண்டும். அகலமான பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் இறக்கி, அதற்குள் ஓட்டிவிட்டுத் தண்ணீரோடு தூக்குவதே சரி.

அந்த நைஜர் இப்போது என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வருகிறது. கடலில் அரை மீட்டர் வரை வளரும் இனம் என்பதால் நான்கடி தொட்டிக்காரர்கள் இதை மறந்துவிடலாம். நிறம் ஒரு நேரம் போல ஒரு நேரம் இருப்பதில்லை. காலையில் கருநீலம், விளக்கின் கீழ் ஊதா, கோபம் வந்தால் பச்சை கலந்த ஒரு நீலம். பற்கள் இப்போது நன்றாகச் சிவந்துவிட்டன. ராத்திரி தூங்கப் போவதற்கென்று ஒரே ஒரு பொந்துதான். உடம்பு முழுக்க உள்ளே போய்விடும், வால் மட்டும், அதன் இரண்டு நீண்ட நுனிகளோடு, வெளியே நிற்கும். அந்தப் பொந்துப் பக்கம் ராஸ் வந்தால் மட்டும் ஒரு துரத்தல் நடக்கும். மற்றபடி இத்தனை வருஷத்தில் நைஜரால் யாருடைய துடுப்பும் கிழியவில்லை.

ப்ளூ த்ரோட் ஜோடி இன்னும் சாது. ஆணுக்குத் தாடையில் நீலத் திட்டு, துடுப்பு ஓரங்களில் மஞ்சள். பெண்ணுக்கு இரண்டும் இல்லை, அதனால் விலையும் குறைவு. இரண்டையும் சேர்த்தே இறக்கினேன். பவளம் வைத்திருப்பவர்கள் டிரிகர் ஆசைப்பட்டால் நான் கைகாட்டுவது இந்த இனத்தைத்தான். அதற்காக இறாலுக்கு நான் ஜாமீன் தர மாட்டேன். ஜோடிக்கு முன்பே என் தொட்டியில் இருந்த க்ளீனர் இறாலை அவை சீண்டவே இல்லை, நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி அது சட்டை உரித்தது. காலையில் சட்டை இருந்தது, இறால் இல்லை. நண்டு, சின்ன நத்தை, சின்ன கோபி மீன் எல்லாம் டிரிகர் தொட்டியில் தீனிக் கணக்கில்தான் சேரும். கிளீனிங் வேலையை நாம்தான் பார்க்க வேண்டும். பெரிய டர்போ நத்தைகளை நைஜர் விட்டுவைத்தது. பிக்காசோ அதையும் விடவில்லை.

பிக்காசோவைப் பற்றி அரைப் பக்கமாவது சொல்ல வேண்டும், ஏனென்றால் இருந்தவற்றில் அதுதான் சுவாரசியமான மீன். இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்றிக்கொண்டு, வாடகை வசூலுக்கு வந்த வீட்டு ஓனர் மாதிரி தொட்டியை ஒரு சுற்று சுற்றும். நத்தையைக் கண்டால் நேரே கடிக்காது. வாயால் தண்ணீரை ஊதிப் புரட்டிப் போடும், பிறகு அடிப்பக்கத்தைக் கவனிக்கும். கடலில் சீ அர்ச்சின் எனும் கடல் முள்ளெலிகளையும் டிரிகர்கள் இப்படித்தான் கவிழ்க்கின்றன. மணலை வாரி வாரி, தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் மேல் உமிழும். தெர்மாமீட்டரின் ரப்பர் கப்பைக் கடித்துப் பிடுங்கும். டப்பாவில் பிடித்தால் 'கர்ர் கர்ர்' என்று உறுமும், கையில் அதிர்வு தெரியும். மார்புத் துடுப்பால் நீச்சல்பைக்கு மேலே உள்ள தகடு போன்ற செதில்களைத் தட்டி எழுப்பும் சத்தம் அது. உள்ளங்கை அளவு வந்ததும் தொட்டியின் இடது பாதி அதற்குச் சொந்தமாகிவிட்டது. மெரூன் க்ளவுன் வாலின்றி ஒரு வாரம் ஒளிந்திருந்த பிறகு, அண்ணா நகரில் மோரே ஈலும் களவா மீனும் வளர்க்கும் நண்பர் வீட்டுக்குப் பிக்காசோ குடிபோனது. அங்கே அதன் வாலாட்டம் செல்லுபடியாகவில்லை, ஒழுங்காக இருக்கிறது. பிக்காசோவே கெட்ட மீன் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. எட்டடி தொட்டி இருந்தால் நானே இன்னொன்று வாங்குவேன்.

சண்டையைக் குறைப்பதில் எனக்குப் பலன் தந்தவை இரண்டு. ஒன்று, டிரிகரைக் கடைசியாக விடுவது. அதற்குப் பிறகு யாரையாவது சேர்த்தே ஆக வேண்டும் என்றால், துளை போட்ட அக்ரிலிக் பெட்டியில் புது மீனைச் சில நாள் தொட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு, பாறைகளையும் இடம் மாற்றிவிட்டுத் திறந்துவிடுவேன். இன்னொன்று தீனி. ஒரே வேளையாகக் கொட்டாமல் நாளுக்கு மூன்று வேளையாகப் பிரித்து, தொட்டியின் இரண்டு முனையிலும் போட வேண்டும். பசித்த டிரிகரும் பசி ஆறிய டிரிகரும் வேறு வேறு மீன்.

தீனிக்கு ஞாயிற்றுக்கிழமை சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட். ஓட்டோடு சின்ன இறால், கணவாய், மட்டி வாங்கி, நறுக்கி, ஃப்ரீசரில் உறைய வைத்து, விட்டமின் சொட்டு விட்டுப் போடுகிறேன். ஓடு முக்கியம். டிரிகர் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், கடித்துத் தேய்க்க ஏதாவது வேண்டும். வழக்கமாக வாங்கும் அக்கா ஒருநாள், "இவ்ளோ பொடி எறா யாருக்குத் தம்பி?" என்றார். மீனுக்கு என்று சொல்லி போனில் நைஜர் படத்தைக் காட்டினேன். "அட, இது கிளாத்தி! தோல உரிச்சு வறுத்தா நல்லாருக்கும். இதுக்கா காசு குடுத்து எறா வாங்கிப் போடுற?" அதன் பிறகு அவர் என் கணக்கில் கொஞ்சம் கூடுதலாகவே அள்ளிப் போடுகிறார், பரிதாபம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

நிறையத் தின்கிற மீன் நிறையக் கழியும். கழிவை நுரையாக்கி வெளியே தள்ளும் ஸ்கிம்மரை உங்கள் தொட்டி அளவுக்கு எழுதியிருப்பதைவிட ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள். தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ, மிச்சமிருக்கும் உப்புகளையும் நீக்கும் டிஐ இல்லாமல் சென்னையில் கடல் உப்பு கலக்கவே கூடாது. லாரித் தண்ணீர் வாங்கும் மாதங்களில் டிஐ ரெசின் வேகமாகத் தீரும், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாறைகள் செராமிக், அடுக்கியதைச் சிமெண்ட் வைத்து ஒட்டியிருக்கிறேன், இல்லாவிட்டால் நைஜர் அடியில் தோண்டிச் சரித்துவிடும். கடலிலிருந்து எடுத்த லைவ் ராக் (உயிரிகள் ஒட்டிய பவளப்பாறைத் துண்டு) என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் நம் கடினப் பவளங்கள் இருக்கின்றன.

அமெரிக்கர்கள் சொல்லும் டிரிகர் கதைகளில் பாதி, ஹீட்டரைக் கடித்து உடைத்த கதை. நமக்கு அந்தத் தொல்லை இல்லை, ஹீட்டரே வேண்டாம். பதிலுக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும். 26 டிகிரியில் நிறுத்த, கத்திரி வெயிலில் அது ஓய்வில்லாமல் ஓடும். என் கரண்ட் பில்லின் பெரும்பகுதி அதுதான். சில்லரைத் தொட்டி அறைக்குள் வைத்தால் அது கக்கும் சூட்டை அதுவே மறுபடி குளிர்விக்கும், அதனால் பால்கனியில் வைத்துக் குழாய் இழுத்திருக்கிறேன். இன்வெர்ட்டர் சில்லரைத் தாங்காது. வேவ்மேக்கரையும் ஏர் பம்பையும் மட்டும் அதில் கோத்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தெருவே ஏரியாகி, கரண்ட் நாள்கணக்கில் வரவில்லை. நாங்கள் முதல் மாடி என்பதால் தப்பித்தோம். இன்வெர்ட்டர் தீர்ந்ததும் பேட்டரி ஏர் பம்புதான். குளிர்ந்த மழை என்பதால் சூட்டுக்குப் பயமில்லை, ஆக்சிஜனுக்குத்தான் பயம். கரண்ட் வரும்வரை ஒரு துண்டு தீனிகூடப் போடவில்லை. நைஜர் கண்ணாடிக்கு வந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். எந்த மீனும் சாகவில்லை.

நோய் விஷயத்தில் டிரிகர்கள் கெட்டி. புதிதாக வரும் எதையும் ஒரு மாதம் தனித் தொட்டியில் காப்பர் மருந்தில் வைத்த பிறகே பெரிய தொட்டிக்கு விடுகிறேன். கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணியால் வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்கு அதுவே போதும், டிரிகர்கள் காப்பரை நன்றாகத் தாங்குகின்றன. அந்தத் தனித் தொட்டிக்குள் புகுந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு போட்டு வையுங்கள்.

கொளத்தூர் மீன் கடைகளுக்குப் போகும்போதெல்லாம் க்ளவுன் டிரிகர் குட்டி கண்ணில் படும். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பொட்டு, எலுமிச்சை அளவுதான் இருக்கும். அரை மீட்டர் வரை வளர்ந்து கூட இருப்பவர்களைக் காலி செய்கிற மீன் அது என்று தெரிந்தும் ஒவ்வொரு முறையும் விலை கேட்கிறேன். கடைப் பையனுக்கு இப்போது என் முகம் பழகிவிட்டது. கேட்பதற்கு முன்பே விலையைச் சொல்லிவிடுகிறான்.