சரிவை மூடிய ஊதா லன்டானா: இரண்டு ஆண்டு வளர்த்த பின் ஒரு மதிப்பீடு

ஒவ்வொரு மழைக்கும் மண் அரித்துக்கொண்டிருந்த வெயில் சரிவு ஒன்றை மூடுவதற்காக, நாற்றுப்பண்ணை ஒன்றில் படரும் ஊதா லன்டானாக் கன்றுகள் 20 வாங்கி நட்டேன். இரண்டு ஆண்டுகள் வளர்த்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பெயரைக் கேட்டதும் புதராக மண்டும் உண்ணிச்செடி நினைவுக்கு வரலாம். இது அதற்கு உறவு என்றாலும் வேறு இனம். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது, மோன்டெவீடியோ நகரின் பெயரைத் தன் தாவரவியல் பெயரில் தாங்கியது, நிமிர்ந்து வளராமல் தரையோடு படிந்து ஓடுவது.

கன்றுகளின் தரம் எனக்கு நிறைவளிக்கவில்லை. நெடுநாள் பையிலேயே கிடந்ததால் பாதிக்கு மேற்பட்டவற்றின் வேர்கள் வட்டமாகச் சுருண்டிருந்தன. சுருளைக் கீறிப் பிரித்து நட்டவை தேறின, அவசரத்தில் அப்படியே குழியில் இறக்கிய மூன்று முதல் கோடையிலேயே கருகின. லன்டானாவின் தழை ஆடு மாடுகளுக்கு நஞ்சு என்பதையும் விற்றவர் சொல்லவில்லை. மேய்ச்சல் நிலத்தை ஒட்டி இதை நடவே கூடாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இச்செடி களையாகவே பரவியிருக்கிறது.

நட்டுவிட்டால் களையெடுக்கும் வேலை இராது என்ற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். 75 செ.மீ. இடைவெளியில் நட்ட செடிகள் ஒன்றையொன்று தொடும் வரை, நடுவில் கோரை தாராளமாக முளைத்தது; காய்ந்த இலைகளால் மூடாக்கு இட்ட பிறகே அது அடங்கியது. ஆனால் இரண்டாம் மழைக்காலத்தில் தண்டுகள் மண்ணைத் தொட்ட கணுக்களிலெல்லாம் வேர்விட்டுச் சரிவை இறுகப் பற்றிக்கொண்டதும், அரிப்பு கண்கூடாகக் குறைந்தது. வேர் பிடித்த பின் தண்ணீர் அரிதாகவே தேவைப்பட்டது. முழு வெயில் படும் பகுதியில் ஊதாப் பூக்களும் அவற்றைத் தேடி வரும் வண்ணத்துப்பூச்சிகளும் குறைந்ததே இல்லை. மரநிழல் விழும் மூலையில் மட்டும் தழைதான் மிச்சம், அங்கே உரமிட்டது தழையையே இன்னும் கூட்டியது.

செடியின் நடுப்பகுதி நாளடைவில் இலையுதிர்ந்து வெறும் குச்சியாகிவிடுவதால், ஆண்டுக்கு ஒரு முறை தரையிலிருந்து ஒரு சாண் விட்டுக் கவாத்து செய்கிறேன். சொரசொரப்பான இலைகள் தோலில் அரிப்பை உண்டாக்கும்; கையுறை வேண்டும். கருகிப்போன மூன்றின் இடத்துக்கு மறுபடி பண்ணைக்குப் போகவில்லை, கணுவில் வேர்விட்ட கிளைகளை வெட்டி நட்டேன்; வாங்கிய கன்றுகளைவிட அவை விரைவாகப் படர்ந்தன.