திருகோணமலையில் பிள்ளைகளுக்கான வீட்டுத் தணிப்புச் சேவை: எங்கள் அனுபவம்

அக்காவின் மகளுக்கு மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை நடக்கும்போதே, நோவைக் குறைக்க வீட்டுக்கு வரும் இந்தச் சேவையையும் எடுத்தோம். கடைசிக் கட்டத்துக்குத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நோய் கண்டுபிடித்ததுமே சிகிச்சையோடு சேர்த்துத் தொடங்க வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் விளக்கம்.

எனக்கு மிகவும் பிடித்தது வந்த தாதி மிஸ்ஸின் முறை. மருந்துத் துண்டைப் பார்க்க முன்னமே, வீட்டில் என்ன வழக்கம், நோயைப் பற்றிப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டார். பத்திரகாளி அம்மன் கோயிலில் கட்டிய நூல், கனுலா (மருந்து ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய்) போட வேண்டிய கையில் இருந்தது, அதை வெட்டாமல், அம்மம்மாவையே அவிழ்த்து மற்றக் கையில் கட்டச் சொன்னார். (வேறொரு இடத்தில் நூலைக் கத்தரித்துக் குப்பையில் போட்டார்கள், அம்மம்மா அழுதேவிட்டார்.) திருநீறு நெற்றியில் பூசலாம், கனுலா போட்ட இடத்தில் மட்டும் படக்கூடாது என்றார்.

"நான் பிழை செய்தேனா, சாமி ஏன் இப்படிச் செய்தது?" என்று பிள்ளை கேட்டபோது நாங்கள் எல்லாரும் வாயடைத்து நிற்க, மிஸ் பேச்சை மாற்றவில்லை. நீ ஒரு பிழையும் செய்யவில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, சாமியிடம் உனக்கு என்ன கேட்க வேண்டும் என்று அவளிடமே கேட்டு, பக்கத்தில் இருந்து முழுவதையும் கேட்டார்.

கடும் நோவுக்குக் கொடுக்கும் மோர்பின் மருந்துக்குப் பயந்தோம். சரியான அளவில் கொடுத்தால் ஆயுளைக் குறைக்காது என்று பொறுமையாக விளக்கினார்கள்.

குறை என்றால், இரவில் அழைத்தால் எடுப்பதில்லை, நோவு கூடுவதோ இரவில்தான். அப்புறம், அவளுடைய தம்பியோடும் பேச ஒருவரை அனுப்பினால் நல்லது.