பழனி தேவஸ்தானப் பஞ்சாமிர்தம்: ஒரு டப்பாவை நம்பி எத்தனை ஊர்கள்!

அரைக் கிலோ டப்பாவைத் திறந்ததும் முதலில் எழுவது ஏலக்காய் வாசம், அதன் பின்னால் நெய். கரண்டி சட்டென்று உள்ளே இறங்காது. கடையில் விற்கும் ஜாம்போல வழவழப்பு கிடையாது. பழத்தின் நார் நாக்கில் தட்டுப்படும், பேரீச்சம்பழத் துண்டு பல்லில் இழுபடும், கரையாமல் நின்ற கல்கண்டு நறுக்கென்று கடிபடும். இனிப்பு திகட்டாததற்குக் காரணம் நாட்டுச் சர்க்கரை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்க்காமல் செய்வது இது. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, தமிழகக் கோயில் பிரசாதங்களில் முதலாவதாக.

பழனியில் வங்கி அதிகாரியாக இருந்தவன் என்பதால், இந்த டப்பாவை வெறும் பிரசாதமாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை. தைப்பூசமும் பங்குனி உத்திரமும் முடிந்த வாரங்களில்தான் அடிவாரத்து வியாபாரிகள் கடன் தவணையை மொத்தமாகக் கட்ட வருவார்கள். பூக்கடை, முடியெடுக்கும் தொழிலாளி, விடுதி, குதிரை வண்டி என்று ஊரின் வரவு செலவெல்லாம் முருகனின் நாள்காட்டியைப் பார்த்தே நடக்கும். சர்க்கரைக்குத் தேவஸ்தானம் ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போகிறது. அந்த ஏலத்தில் கோயில் ஒரு கொள்முதல்காரராக நிற்பது, ஆலை வெள்ளைச் சர்க்கரைக்கு நடுவிலும் கரும்பைக் காய்ச்சிக்கொண்டிருக்கும் விவசாயிகளுக்கு எவ்வளவு பெரிய தெம்பு! ஆண்டு தவறாமல் வாங்க ஆள் இருக்கிறது என்ற உறுதியை எந்த வங்கிக் கடனும் தந்துவிடாது.

பக்தியும் வியாபாரமும் இங்கே கைகோத்தது நேற்றல்ல. 17-ஆம் நூற்றாண்டில் நெற்குப்பையைச் சேர்ந்த குமரப்பன் என்ற செட்டியார் பழனிக்கு உப்பு வணிகம் செய்ய வந்தபோது, விற்ற உப்பில் முருகனுக்கென்று மகமை, அதாவது கோயிலுக்கான ஒரு பங்கு, எடுத்துவைத்தார் என்பது நகரத்தார் எனப்படும் செட்டியார் சமூகத்தினர் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. அவர்களின் காவடிப் பயணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்று கோயிலுக்கு வரும் பணத்தில் பழனியாண்டவர் பெயரில் கல்லூரிகள் நடக்கின்றன. காணிக்கை படிப்பாக மாறும் இந்த இடத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

மனம் வலிப்பது வாழைப்பழத்தை நினைக்கும்போதுதான். திண்டுக்கல் மாவட்டத்து விருப்பாச்சி, சிறுமலை மலைவாழைகள் இரண்டுக்குமே புவிசார் குறியீடு உண்டு. நீர் குறைவான, மணமான அந்தப் பழம்தான் பஞ்சாமிர்தத்தைக் கெடாமல் காத்தது. முடிக்கொத்து நோய் வந்து மலைத்தோட்டங்களை அழித்த பிறகு விளைச்சல் சுருங்கிவிட்டது, வேறு பழங்களும் கலக்க வேண்டியதாயிற்று. சிறு வயதில் சாப்பிட்ட மணம் இப்போது முக்கால்வாசிதான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. அடிவாரத்தில் ஒரு தனியார் கடையில் வாங்கிய டப்பாவில் பழத்தைவிடச் சர்க்கரைப் பாகுதான் அதிகம். கரண்டியிலிருந்து தண்ணீராக வழிந்தது. அதற்குக் கொடுத்த காசு கவுந்தப்பாடிக்கும் போகாது, சிறுமலைக்கும் போகாது. கூட்டத்தைப் பார்த்து மலைத்துவிடாமல் தேவஸ்தான நிலையத்தில் நின்றே வாங்குங்கள். தயாரித்த தேதியைப் பாருங்கள், திறந்த பின் ஈரக் கரண்டி போடாதீர்கள்.

தேவஸ்தானத்திடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: மலைவாழை பயிரிடுபவர்களோடு முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போடுங்கள். நோயில்லாத கன்று கிடைத்து, விற்பனையும் உறுதியானால், அவர்கள் மறுபடி நடுவார்கள்.