கட்டணக் கிற்றார் வகுப்பும் ஒரு வெள்ளைத் துண்டும்: இரண்டு ஆண்டு அனுபவம்

கல்முனையிலிருந்து மச்சான் போன சனிக்கிழமை அழைத்தார். பதினாறு வயது மருமகளுக்குப் புதிதாக ஒரு கிற்றார் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "நீங்கள் இரண்டு வருடமாகக் காசு கட்டி இணையத்தில் பழகுகிறீர்கள்தானே, பிள்ளைக்கும் அதையே கட்டிவிடட்டுமா?" என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஒரு சொல்லில் பதில் சொல்ல அன்று மனம் வரவில்லை. என் கிற்றாரைத் திருத்திக்கொண்டு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, வயிற்றெரிச்சல் ஆறவில்லை.

நான் கிற்றார் பழகும் அந்தச் செயலியின் பெயரை எழுதப்போவதில்லை. ஆண்டுச் சந்தா 120 டொலர். 2022 ஜனவரியில் சேர்ந்தபோது டொலர் 200 ரூபாவைச் சுற்றி நின்றது. 24,000 ரூபாவும் வங்கி பிடித்த சில்லறையும் போனது. அடுத்த ஜனவரியில் சந்தா தானாகவே புதுப்பிக்கப்பட்டபோது டொலர் 365. பாடமும் அதேதான், 120 டொலரும் அதேதான். கணக்கிலிருந்து கழிந்தது ஏறக்குறைய 44,000 ரூபா. அதிகாலையில் வங்கிக் குறுஞ்செய்தியைப் பார்த்துக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ரூபா விழுந்ததற்குப் பாடம் நடத்துபவர் என்ன செய்வார்? அது நாடே பட்ட பாடு. அந்தக் கோபத்தை இங்கே சேர்க்கவில்லை.

ஏன் கட்டினேன் என்பதைச் சொல்லவேண்டும். மட்டக்களப்பு நகரில் மருந்துக்கடையில் வேலை. கடை பூட்டி, கல்லடிப் பாலம் கடந்து வீடு வந்துசேர இரவு எட்டரை ஆகிவிடும். இங்கே வீணைக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் ஆளைத் தேடி அலையவேண்டியதில்லை. விபுலானந்தர் பெயரில் அமைந்த அழகியற் கற்கைகள் நிறுவகமே கல்லடியில் இருக்கிறது. கிற்றாருக்கு நான் விசாரித்த இருவரும் சனி, ஞாயிறு பகலில் பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு 43 வயது, சனிக்கிழமையும் கடை. இணையத்தை விட்டால் வேறு வழியில்லை.

இலவசமாகப் பழகலாமே என்று கேட்பார்கள். பழகலாம். ஜஸ்டின் சண்டர்கோ என்ற ஆஸ்திரேலியர் இருபது ஆண்டுகளாகத் தன் தளத்தில் அடிப்படையிலிருந்து வரிசையாகப் பாடங்களை இலவசமாகக் கொடுத்து வருகிறார்; மனமாரச் சொல்கிறேன், அதற்குக் குறை சொல்ல யாராலும் முடியாது. என் பிழை, நான் அங்கே தங்கவில்லை. சந்தா கட்டுவதற்கு முன் நான்கு மாதம் கண்ட காணொளியெல்லாம் பார்த்துத் திரிந்தேன். இன்றைக்கு ஒருவர், நாளைக்கு வேறொருவர். நான்கு மாத முடிவில் பதினொரு பாட்டுகளின் தொடக்கம் கையில் இருந்தது. கடைசிவரை வாசிக்க ஒரு பாட்டுக்கூட இல்லை.

கட்டணப் படிப்பு அந்த அலைச்சலை நிறுத்தியது. முதல் வாரம் ஈ மைனர், டி என்ற இரண்டு கோர்ட்டுகள் (பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரற்பிடிகள்) மட்டும். "இன்றைக்கு இவ்வளவுதான், கிற்றாரை வைத்துவிடுங்கள்" என்று ஆசிரியர் சொன்னபோது எனக்கு அவர் மீது ஒரு மரியாதை வந்தது. ஒவ்வொரு பாடமும் ஏழு, எட்டு நிமிடம். திரையின் ஒரு பாதியில் இடக்கை, மறுபாதியில் வலக்கை. பின்னணி இசையின் வேகத்தை அறுபது வீதத்துக்குக் குறைத்து வாசிக்கலாம். கை பழகப் பழக ஐந்தைந்தாகக் கூட்டலாம். பத்தாவது வாரத்தில் என் மகன் பாட, நான் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் வாசித்தேன். மனைவி குசினியிலிருந்து வந்து வாசற்படியில் நின்று கேட்டார். அந்த வரிசைக்கு, எதை இப்போது பழகக்கூடாது என்று சொன்ன அந்தக் கண்டிப்புக்கு, கொடுத்த காசு தகும் என்று இன்றும் நினைக்கிறேன்.

எதிர்பாராத நன்மை ஒன்றும் நடந்தது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். ரௌட்டர் செத்துவிடும்; கைப்பேசியில் சார்ஜும் இராது; செயலி திறக்காது. புழுக்கம் தாங்காமல் கிற்றாரை எடுத்துக்கொண்டு முற்றத்தில் கதிரை போட்டு இருட்டில் இருப்பேன். விரலைப் பார்க்க வெளிச்சம் இல்லை. ஜி-யிலிருந்து சி-க்கு, சி-யிலிருந்து டி-க்கு என்று கண் இல்லாமலே கை போய்வரப் பழகியது அந்த இரவுகளில்தான். வாவிப் பக்கமிருந்து காற்று வந்தால் இன்னும் ஒரு மணித்தியாலம் கூட இருப்பேன். மின்சாரம் ஒழுங்காக வந்த பிறகும் விளக்கை அணைத்துவிட்டுப் பயிற்சி செய்யும் பழக்கம் விடவில்லை.

இனி எரிச்சலுக்கு வருகிறேன்.

இந்தச் செயலி கைப்பேசியின் ஒலிவாங்கி வழியாக நம் வாசிப்பைக் கேட்டுப் புள்ளி போடும். காலை ஆறரைக்கு எங்கள் ஒழுங்கைக்குப் பாண் விற்கும் முச்சக்கரவண்டி பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்' என்ற பியானோ மெட்டைப் போட்டுக்கொண்டு வரும். நான் கையை எடுத்துவிட்டு இருந்தாலும் அந்த மெட்டின் சுரங்களைக் கேட்டுச் செயலி எனக்குப் பச்சைக் குறி போடும். மழை தகரத்தில் விழுந்தால் சரியாக வாசித்ததற்கும் சிவப்பு விழும். இவற்றை நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது எஃப் கோர்ட்டில் நடந்தது.

கிற்றார் பழகியவர்களுக்கு எஃப் கோர்ட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கழுத்தை உலோகக் கம்பிகள் கட்டங்களாகப் பிரிக்கும்; அவற்றில் முதற்கட்டத்தில் சுட்டுவிரல் ஒன்றே ஆறு தந்திக்கும் குறுக்கே படுத்து அழுத்தவேண்டும். மற்ற மூன்று விரல்களும் அதற்கு மேலே. எனக்கு இரண்டாம் தந்தி மட்டும் எப்போதும் "டொக்" என்று செத்துக் கிடக்கும். விரல் மூட்டின் மடிப்புக்குள் அது போய் ஒளிந்துகொள்ளும். ஆனால் செயலி பச்சைக் குறி போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்கு வா என்றது. ஏன் என்று பின்னர்தான் விளங்கியது. எஃப் கோர்ட்டில் இருப்பவை எஃப், ஏ, சி என்ற மூன்று சுரங்கள். செத்துப்போன இரண்டாம் தந்தி தரவேண்டியது சி. அதே சி ஐந்தாம் தந்தியிலும், மூன்றாம் கட்டத்தில், இருக்கிறது. மூன்று சுரமும் காதில் விழுந்ததும் செயலிக்குத் திருப்தி. ஐந்து தந்தி ஒலித்ததா, ஆறு ஒலித்ததா என்பது அதற்குக் கணக்கில்லை.

தேர்ச்சி என்று எழுதியிருக்கும், கேட்டால் ஓட்டை இருக்கும். பதினான்கு மாதம் இந்த ஓட்டையோடு போராடினேன். முழங்கையை உடம்போடு சேர்த்துப் பார்த்தேன். கட்டைவிரலைக் கழுத்தின் பின்னே கீழிறக்கிப் பார்த்தேன். சுட்டுவிரலை எலும்புப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். பலமாக அழுத்தினால் தந்தி ஒலிக்கும், ஆனால் சுருதி விலகும். செயலியும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லும்: "சுருதி கூடியிருக்கிறது, மீண்டும் சுருதி சேருங்கள்." சேர்ப்பேன். திறந்த தந்திகள் ஆறும் சுத்தமாக நிற்கும். முதற்கட்டத்தில் விரலை வைத்ததும் மறுபடி கூடும். ஆறாம் தந்தியைத் திறந்து மீட்டினால் 82.4 ஹேர்ட்ஸ் சரியாகக் காட்டும். முதற்கட்டத்தில் அழுத்தினால் 87.3 வரவேண்டியது 88-ஐத் தாண்டி நிற்கும். உதவிப் பிரிவுக்கு இந்த எண்களையே எழுதி அனுப்பினேன். நாளுக்குப் பத்து நிமிடம் விடாமல் பயிற்சி செய்தால் விரல் பலப்படும் என்று பதில் வந்தது.

இந்த மாதம் தந்தி மாற்றவேண்டி வந்தது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் எங்கள் வீட்டில் உருக்குத் தந்தி துருப்பிடிக்க இரண்டு மாதம் போதும்; வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் துடைத்தாலும் மாரியில் நிற்காது. சுருதித் திருகு ஒன்றும் இறுகியிருந்ததால் திராய்மடுவில் இருக்கும் பறங்கியர் (போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்தவர்) ஒருவரிடம் கொண்டுபோனேன். சுனாமிக்கு முன் டச்பார் என்ற கடலோர ஊரில் இருந்தவர். தச்சுவேலை பரம்பரைத் தொழில். வயலின், கிற்றார் திருத்துவதும் வாசிப்பதும் கூடப் பிறந்தது. ஊரில் எல்லோரும் அங்கிள் என்றுதான் அழைப்பார்கள்.

அவர் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. கிற்றாரை மடியில் வைத்து, ஒரு தந்தியை மூன்றாம் கட்டத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதற்கட்டத்துக்கு மேலே நகத்தால் தட்டினார். "டிக், டிக்" என்றது. ஆறு தந்தியிலும் அப்படியே செய்தார். பிறகு என் சட்டைப்பையில் இருந்த பஸ் டிக்கெட்டை வாங்கி இரண்டாக மடித்து, தந்திக்கும் முதல் ஃபிரெட் என்ற உலோகக் கம்பிக்கும் நடுவே செருகினார். தாராளமாக நுழைந்தது. "இந்த இடத்தில் ஒரு தாள் நுழைவதே அதிகம், தம்பி. எஃப் பிடியை அப்படியே ஐந்தாம் கட்டத்துக்கு நகர்த்திப் பிடியுங்கள்" என்றார். பிடித்தேன். ஆறு தந்தியும் மணிபோல ஒலித்தன. "உங்கள் விரலில் பிழை இல்லை. இதில்தான் பிழை" என்று கழுத்தின் தலைப்பில் தந்திகள் தங்கும் வெள்ளைத் துண்டைக் காட்டினார். நட் என்பார்கள். அதன் பள்ளங்கள் ஆழம் போதாமல் தந்தி உயர நின்றிருக்கிறது. முதற்கட்டம் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே அழுத்தத்தான் மிகுந்த பலம் வேண்டும். அந்த அழுத்தத்திலேயே தந்தி இழுபட்டுச் சுருதியும் கூடும். கடையில் வாங்கிய நாள் முதலே அப்படி.

ஊசிபோன்ற அரங்களை ஒரு துணிச்சுருளிலிருந்து எடுத்தார். ஒரு பள்ளத்தில் நான்கைந்து இழுப்பு, தந்தியைப் போட்டுப் பார்ப்பு, மறுபடி இரண்டு இழுப்பு. ஓர் இழை கூடுதலாகப் போனாலும் திறந்த தந்தி இரையத் தொடங்கும் என்பதால் அவசரமே இல்லை. வெள்ளைத் தூள் அவர் சாரத்தில் விழுந்துகொண்டிருந்தது. கடைசியாகப் பென்சில் கரியைப் பள்ளங்களில் தேய்த்தார்; தந்தி சிக்காமல் வழுக்கிப் போகவாம். நாற்பது நிமிடம், 1,500 ரூபா. எஃப் கோர்ட்டைப் பிடித்தேன். இரண்டாம் தந்தி ஒலித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கிற்றாரை வாங்கி, தங்கள் கலியாண வீடுகளில் வாசிக்கும் ஆறு-எட்டுத் தாள மெட்டு ஒன்றை வாசித்துக் காட்டினார். (எங்கள் பைலா ஆட்டப்பாட்டெல்லாம் ஓடுவது அந்தத் தாளத்தில்தான். என் படிப்பில் அதற்கு இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு பாடம்; மற்றதெல்லாம் நான்கு-நான்கு.)

வீட்டுக்கு வந்து அன்றிரவே படிப்பின் அட்டவணை முழுவதையும் தேடினேன். தந்தி மாற்றுவதற்கு அருமையான பாடம் இருக்கிறது. கிற்றாரைத் துடைப்பதற்குக்கூடப் பாடம் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் கருவி பழகத் தகுந்த நிலையில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பாடம் இல்லை. மூன்றாம் கட்டத்தில் அழுத்து, முதற்கட்டத்தில் தட்டு, தாள் செருகிப் பார் என்று சொல்ல ஐந்து நிமிடம் போதும். அதை முதல் வாரத்தில் வைத்திருந்தால் பதினான்கு மாதம் என் விரலை நான் நொந்திருக்கமாட்டேன். மலிவான கிற்றார் வாங்கித் தொடங்குகிறவர்கள்தான் இந்தப் படிப்புக்குக் காசு கட்டுகிறார்கள். அவர்களுக்குத்தான் இது முதலில் தெரியவேண்டும். சுருதி கூடுவது தெரிந்தும் ஏன் கூடுகிறது என்று யோசிக்க அந்த நிறுவனத்தில் ஒருவர்கூட இல்லையா? இதை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் இல்லை.

நியாயமாகப் பார்த்தால், இன்று என் கையில் இருக்கும் வாசிப்பு முழுவதும் அந்தப் படிப்பு தந்தது. ஆசிரியர் நல்லவர், வரிசை நல்லது, காணொளிகள் தெளிவு. என்றாலும் ஞாயிற்றுக்கிழமை மச்சானை அழைத்து, கட்ட வேண்டாம் என்று சொன்னேன். ஜனவரியில் எனக்கும் புதுப்பிக்கவேண்டியதில்லை என்று நிறுத்திவிட்டேன். 2023 கடைசியில் நின்ற டொலர் விலைக்கு 39,000 ரூபா மிச்சம். "நல்லது என்கிறீர்கள், வேண்டாம் என்கிறீர்கள், என்ன மச்சான் இது?" என்று அவர் கேட்டார். முதலில் கிற்றாரைத் திருத்துங்கள், பிறகு ஜஸ்டினின் இலவசப் பாடங்களை ஒன்றாம் இலக்கத்திலிருந்து தாண்டாமல் ஆறு மாதம் போகட்டும், அதற்குப் பிறகும் பிள்ளை கட்டச் சொல்லிக் கேட்டால் கட்டுங்கள் என்றேன். எப்படிச் சோதிப்பது என்பதையும் மருமகளிடம் தொலைபேசியிலேயே விளக்கினேன்.

நேற்று இரவு அவள் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். மூன்றாம் கட்டத்தில் விரல், முதற்கட்டத்தில் மடித்த பஸ் டிக்கெட். நுழைந்து நிற்கிறது. வருகிற ஞாயிறு காலை பஸ்ஸில் கிற்றாரோடு வருகிறார்கள். அங்கிளிடம் சொல்லி வைத்துவிட்டேன்.